துணிக்கறை: காரணம் அறிதலும் நீக்கும் முறைகளும்

துணிக்கறை என்பது துணியின் இழைகளில் ஊறியோ படிந்தோ, வழக்கமான துவைப்பில் போகாமல் நின்றுவிடும் நிற மாற்றம் ஆகும். அழுக்கு இழையின் மேல் ஒட்டியிருக்கும். சலவைத்தூளும் தேய்ப்பும் அதை எடுத்துவிடும். கறை இழையோடு பிணைந்துவிடுகிறது. எந்தப் பொருள் பிணைந்திருக்கிறதோ அதற்கேற்ற பொருளால்தான் அதைப் பிரிக்க முடியும்.

நீங்காத கறை எனப்படுபவற்றில் பல, தொடக்கத்தில் எளிதில் நீங்கக்கூடியவையாகவே இருந்தவை. இரத்தக் கறையில் வெந்நீரும், துருக்கறையில் பிளீச்சிங் பவுடரும், எண்ணெய்க் கறையின் மேல் இஸ்திரிப் பெட்டியும் பட்டபின் அவை நிலைத்துவிடுகின்றன. ஆகவே கறை நீக்கத்தின் முதல் வேலை, காரணத்தைக் கண்டறிவது. தேய்ப்பது அதற்குப் பின்தான்.

சொல்

கறை என்னும் சொல் கருமை, மாசு, குற்றம் ஆகிய பொருள்களில் வழங்குகிறது. நஞ்சுண்டதால் கழுத்து கறுத்த சிவனைக் கறைமிடற்றன் என்பது இப்பொருளில்தான். வல்லின றகரம் இட்டு எழுதப்படும் கறையும், வேட்டி, சேலைகளின் ஓரத்தைக் குறிக்கும் கரையும் வேறு வேறு சொற்கள்.

கறை படியும் விதம்

கறைகளை அவற்றின் வேதித்தன்மை கொண்டு ஐந்து வகையாகப் பிரிக்கலாம்.

1. புரதக் கறை: இரத்தம், பால், முட்டை.
2. எண்ணெய்க் கறை: சமையல் எண்ணெய், கிரீஸ், தோலின் எண்ணெய்ப் பசை, பலாப்பால்.
3. தாவர நிறக் கறை: தேநீர், காப்பி, வாழைச்சாறு, வெற்றிலைச்சாறு, மஞ்சள்.
4. உலோகக் கறை: இரும்புத்துரு, நீரில் கரைந்துள்ள இரும்பு, மாங்கனீசு.
5. உயிரிக் கறை: ஈரத் துணியில் வளரும் பூஞ்சை.

துணியின் இழையும் கணக்கில் கொள்ளத்தக்கது. பருத்தி நீரை விரும்பும் இழை. தேநீர், வாழைச்சாறு போன்ற நீர்வழிக் கறைகளை ஆழமாக உறிஞ்சும். பாலியெஸ்டர் நீரை ஏற்காது. ஆனால் எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும். பாலியெஸ்டர் கலந்த பள்ளிச் சீருடையின் கழுத்துப்பட்டியில் எண்ணெய்ப் பசை போகாமல் நிற்பது இதனால்தான். பட்டும் கம்பளியும் புரத இழைகள். புரதக் கறையை அழிக்கும் கடுமையான பொருள்கள் அந்த இழைகளையும் அழித்துவிடும்.

காரணத்தைக் கண்டறிதல்

கறையைப் பார்த்ததும் நான்கு கேள்விகளுக்கு விடை தேடினால் காரணம் பெரும்பாலும் பிடிபடும்.

எங்கே இருக்கிறது? அக்குளிலும் கழுத்திலும் உள்ள மஞ்சள், வியர்வையால் வந்தது. மடியிலும் மார்பிலும் உள்ள திட்டு, உணவால் வந்தது. காற்சட்டையின் கீழ் விளிம்பில் உள்ள கருங்கோடு, மிதிவண்டிச் சங்கிலியின் கிரீஸ்.

எப்போது தெரிந்தது? துவைக்கும் முன்பே இருந்தால் அணிந்தபோது பட்டது. துவைத்துக் காய்ந்தபின் புதிதாகத் தெரிந்தால் நீர், சலவைப்பொருள், இயந்திரம், கொடிக்கம்பி ஆகியவற்றில் ஒன்று காரணம். பெட்டியில் வைத்து எடுத்தபின் தெரிந்தால் பூஞ்சை அல்லது சரியாகப் போகாத எண்ணெய்.

எத்தனை துணிகளில் இருக்கிறது? ஒரு துணியில் மட்டும் இருந்தால் கறை அந்தத் துணிக்கு உரியது. ஒன்றாகத் துவைத்த எல்லா வெள்ளைத் துணிகளும் பழுப்பேறியிருந்தால் காரணம் துணிகளுக்கு வெளியே இருக்கிறது.

தொட்டால் எப்படி இருக்கிறது? எண்ணெய்க் கறை ஒளிக்கு எதிரே பிடித்தால் சற்று ஊடுருவித் தெரியும். உணவுக் கறை விறைத்திருக்கும். துருக்கறை தொடுகையில் தனியாகத் தெரியாது. நிறம் மட்டுமே காட்டிக்கொடுக்கும்.

ஐயம் தீராதபோது, துணியின் உள்மடிப்பில் சிறு சோதனை செய்யலாம். மஞ்சள் திட்டின் மேல் சோப்பு நீர் ஒரு துளி விட்டதும் அது செந்நிறமானால் சமையல் மஞ்சள். எலுமிச்சைச் சாறும் உப்பும் இட்டு வெயிலில் வைத்ததும் பழுப்பு வெளிறினால் இரும்பு.

நீரே காரணமாகும்போது

விழுப்புரம் மாவட்டத்தில் செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் இடையே உள்ள மண்டகப்பட்டு, கடினப்பாறைப் பகுதியைச் சேர்ந்த ஊர். செங்கல், மரம், உலோகம், சுதை இன்றிக் கோயில் அமைத்ததாகப் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் கல்வெட்டில் பொறித்த குடைவரை இங்குதான் உள்ளது. செஞ்சிக் கோட்டையின் குன்றுகளும் இத்தகைய கடினப்பாறைகளே. இவ்வகை நிலத்தில் ஆற்றுமணலில் இருப்பதுபோல் நீர் பரவலாகத் தேங்குவதில்லை. சிதைந்த மேற்பாறையிலும் ஆழத்து வெடிப்புகளிலும் தங்குகிறது. பாறையோடு நெடுங்காலம் தொடர்பில் இருப்பதால் கால்சியம், மக்னீசியம், சில இடங்களில் இரும்பு ஆகியவை நீரில் கரைந்து வருகின்றன. பக்கத்துப் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகளிலேயே நீரின் தன்மை மாறுபடுவதுண்டு.

இரும்பு கலந்த நீர் இறைக்கும்போது தெளிவாகவே இருக்கும். காற்றுப் பட்டதும் கரைந்திருந்த இரும்பு பழுப்பு நிறத் துகளாக மாறும். சலவைத்தூளின் காரத்தன்மை இம்மாற்றத்தை விரைவாக்குகிறது. ஆகவே தெளிந்த நீரில் ஊறவைத்த வெள்ளை வேட்டி, வாளிக்குள்ளேயே இரும்பைப் பிடித்துக்கொண்டு பழுப்பேறுகிறது. இதைச் சரிசெய்வதாக எண்ணிப் பிளீச்சிங் பவுடர் சேர்த்தால் எஞ்சிய இரும்பும் துகளாகிப் பழுப்பு கூடும். சலவைத்தூளை மாற்றிப் பார்ப்பதும் பயன் தராது.

நீரில் இரும்பு லிட்டருக்கு 0.3 மில்லிகிராமைத் தாண்டினால் துணிகளில் கறை படியும் என்றும், மாங்கனீசுக்கு அந்த அளவு 0.1 மில்லிகிராம் என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் குடிநீர் வழிகாட்டி குறிப்பிடுகிறது. இரும்பு செம்பழுப்பாகவும் மாங்கனீசு கருமையாகவும் கறை இடும்.

வீட்டிலேயே மூன்று சோதனைகள் செய்யலாம். முதலாவது, வெள்ளை பிளாஸ்டிக் வாளியில் புதிதாக இறைத்த நீரைப் பிடித்து இரவு முழுதும் திறந்து வைத்தல். காலையில் அடியில் பழுப்பு வண்டல் இருந்தால் நிலத்தடி நீரில் இரும்பு உள்ளது. இரண்டாவது, விடியற்காலையில் குழாயின் முதல் நீரைப் பார்த்தல். முதலில் பழுப்பாக வந்து சில நிமிடங்களில் தெளிந்து, பிறகு நிறம் மாறாமல் இருந்தால் துரு பிடித்த இரும்புக் குழாயே காரணம். மூன்றாவது, ஒரே வெள்ளைத் துணியை இரண்டாகக் கிழித்து, ஒன்றைக் குழாய் நீரிலும் மற்றதை மழைநீரிலும் பலமுறை துவைத்து ஒப்பிடுதல்.

நீரில் இரும்பு இருப்பது உறுதியானால், அதைத் திறந்த தொட்டியில் பூவாளி போல் தூவி விழச் செய்து, ஓர் இரவு தெளியவைத்து, மேல்நீரை மட்டும் துவைக்க எடுக்கலாம். மணல் வடிகட்டியும் உதவும். வெள்ளைத் துணிகளின் கடைசி அலசலுக்குச் சேமித்த மழைநீர் சிறந்தது. ஏற்கெனவே பழுப்பேறிய பருத்தித் துணியில் எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் வைத்து, சில மணி நேரம் கழித்து அலச வேண்டும். ஒரே முறையில் போகாது. மீண்டும் மீண்டும் செய்ய வேண்டும். ஆக்சாலிக் அமிலம் வேகமாக வேலை செய்யும்; ஆனால் அது நஞ்சு. கையுறை அணிந்து, பிளாஸ்டிக் பாத்திரத்தில் நீர்த்த கரைசலாகப் பயன்படுத்தி, துணியைப் பலமுறை அலச வேண்டும்.

கடின நீரால் வருவது வேறொரு குறை. சோப்பு, நீரிலுள்ள கால்சியத்தோடும் மக்னீசியத்தோடும் சேர்ந்து கரையாத திரிதிரியான படிவாகிறது. அது துணியில் ஒட்டி அழுக்கையும் பிடித்துக்கொள்வதால் வெள்ளைத் துணி சாம்பல் நிறமாகி விறைக்கிறது. நீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதிக்கலாம் என்றும் இந்தியக் குடிநீர்த் தர வரையறை கூறுகிறது. இத்தகைய நீருக்குச் சோப்புக் கட்டியைவிடச் சலவைத்தூள் பொருத்தமானது. சாம்பல் ஏறிய பருத்தித் துணியை வினிகர் கலந்த நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து அலசிய பின், வெந்நீரில் சலவைத்தூள் இட்டுத் துவைத்தால் படிவு விலகும்.

தாவரக் கறைகள்

மஞ்சளின் நிறப்பொருள் குர்குமின். அது நீரில் எளிதில் கரையாது, எண்ணெயில் கரையும். குழம்புக் கறை எண்ணெயோடு சேர்ந்து இழைக்குள் இறங்குவது இதனால்தான். காரம் பட்டால் குர்குமின் செந்நிறமாகும். சோப்புப் போட்டதும் மஞ்சள் கறை சிவப்பதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை; அலசினால் மஞ்சளுக்குத் திரும்பும். முதலில் பாத்திரம் துலக்கும் திரவத்தால் எண்ணெயை எடுத்து, பிறகு சலவைத்தூளில் துவைத்து, ஈரத்தோடு நேரடி வெயிலில் உலர்த்த வேண்டும். ஒளி பட்டால் குர்குமின் சிதையும் என்பதால் இரண்டு மூன்று நாள் வெயிலில் கறை மங்கி மறையும். நிழலில் உலர்த்துவோருக்கு இக்கறை நீங்காத கறையாகத் தோன்றும்.

வாழைச்சாறு பட்டவுடன் நிறமற்றதாக இருக்கும். அதிலுள்ள பாலிபீனால் பொருள்கள் காற்றோடு சேர்ந்து சிறிது நேரத்தில் கரும்பழுப்பாகின்றன. ஈரமாக இருக்கும்போதே நிறைய நீரில் அலசி எலுமிச்சைச் சாறு தேய்த்தால் கறுப்பது குறையும். காய்ந்துவிட்டால், ஆக்சிஜன் வகை வெளுப்பான் கலந்த வெதுவெதுப்பான நீரில் நெடுநேரம் ஊறவைத்தும் ஓரளவே மங்கும். வாழைத்தோட்டத்தில் வேலை செய்வோர் அதற்கென்று தனித் துணி வைத்திருப்பது அனுபவம் தந்த தீர்வு.

பலாப்பால் இதற்கு நேர் எதிரானது. அது நீரில் கரையாத பிசின். நீர் ஊற்றினால் இன்னும் இறுகும். தேங்காயெண்ணெய் தடவி இளக்கி, வழித்தெடுத்து, பிறகு எண்ணெயைச் சலவைத்தூளால் நீக்க வேண்டும். பண்ருட்டிப் பக்கம் பலாப்பழம் அறுப்போர் கையிலும் கத்தியிலும் முன்பே எண்ணெய் தடவிக்கொள்வது இதே காரணத்துக்காக. வாழையும் பலாவும் ஒரே கொல்லையில் நின்றாலும் அவற்றின் கறைகளுக்கு ஒரே மருந்து இல்லை.

தேநீர், காப்பி, முந்திரிப்பழச்சாறு ஆகியவற்றில் உள்ள துவர்ப்புப் பொருள்கள் பழுப்புக் கறை தருகின்றன. உடனே குளிர்ந்த நீரில் அலசி, சலவைத் திரவம் இட்டு ஊறவைக்க வேண்டும். சோப்புக் கட்டியை முதலில் தேய்த்தால் இக்கறை நிலைக்கக்கூடும். இரும்பு கலந்த நீரில் துவைத்தால் பழுப்புக் கறை சாம்பல் கறுப்பாகவும் மாறும். துவர்ப்புப் பொருளும் இரும்பும் சேர்ந்தால் கருமை பிறக்கும் என்பதைக் கலம்காரி ஓவியர்கள் வேண்டுமென்றே பயன்படுத்துகிறார்கள். துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் ஊறவைத்து, இரும்பும் வெல்லமும் புளிக்கவைத்து எடுத்த நீரால் வரைகிறார்கள். கோடு கறுத்து நிலைத்துவிடுகிறது. வேண்டி இட்டால் சாயம், வேண்டாமல் பட்டால் கறை, வேதியியல் ஒன்றே.

உடலிலிருந்து வரும் கறைகள்

இரத்தம், மாதவிடாய்க் கறை ஆகியவற்றுக்குக் குளிர்ந்த நீரே முதல் மருந்து. வெந்நீர் பட்டால் முட்டை வெந்து கட்டுவதுபோல் இரத்தப் புரதமும் இழைக்குள் கட்டிவிடும். உப்பு கலந்த குளிர்ந்த நீரில் ஊறவைத்து, நொதி கலந்த சலவைத்தூளால் துவைக்க வேண்டும். வெள்ளைப் பருத்தியில் எஞ்சிய கறைக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் 3% ஹைட்ரஜன் பெராக்சைடு உதவும். கறை முழுதும் போன பிறகே இஸ்திரி போட வேண்டும்.

வியர்வை பட்ட உடனே நிறம் தராது. அக்குளின் மஞ்சள், வியர்வையும் தோலின் எண்ணெய்ப் பசையும் சேர்ந்து நாள்பட உருவாவது. வியர்வைத் தடுப்பான்களிலுள்ள அலுமினிய உப்புகள் அதைக் கூட்டும். குளோரின் வெளுப்பான் இம்மஞ்சளை அதிகமாக்கலாம். ஆக்சிஜன் வகை வெளுப்பானையும் சலவைத்தூளையும் குழைத்துத் தடவி ஒரு மணி நேரம் வைத்துத் துவைப்பது நல்லது. கழுத்துப்பட்டியின் கருங்கோட்டுக்குப் பாத்திரம் துலக்கும் திரவமே போதும்.

எண்ணெய், கிரீஸ், மை

எண்ணெய்க் கறையில் நீர் படுமுன் சுண்ணக்கட்டித் தூள் அல்லது முகப்பவுடர் தூவி எண்ணெயை உறிஞ்சவிட்டு, பிறகு பாத்திரம் துலக்கும் திரவத்தால் தேய்த்துத் துணி தாங்கும் வெந்நீரில் அலச வேண்டும். மிதிவண்டிக் கிரீஸ் முதிர்ந்து கறுத்திருந்தால், தேங்காயெண்ணெய் தடவி இளக்கிய பின் அதே முறையைச் செய்ய வேண்டும். பந்துமுனைப் பேனா மைக்கு ஆல்கஹால் கலந்த சானிடைசர் ஏற்றது. கறைக்கு அடியில் பழைய துணி ஒன்றை மடித்து வைத்து, மேலிருந்து ஒற்றியெடுக்க வேண்டும், தேய்த்தால் பரவும்.

பூஞ்சைப் புள்ளிகள்

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் துணிகளில் தோன்றும் கரும்புள்ளிகள் பூஞ்சையின் கூட்டங்கள். கஞ்சி போட்ட துணியில் மாவுப்பொருள் உணவாக இருப்பதால் அவை விரைந்து வளரும். துணியை வெளியே எடுத்துச் சென்று உலரவைத்துத் தூரிகையால் தட்டி, வெந்நீரில் துவைத்து, வெயிலில் உலர்த்த வேண்டும். வெள்ளைப் பருத்தியில் மட்டும் நீர்த்த குளோரின் வெளுப்பான் பயன்படுத்தலாம். நாள்பட்ட பூஞ்சை பருத்தி இழையையே தின்றுவிடும். அப்போது புள்ளியோடு துணியின் வலுவும் போகும். நீண்ட நாள் பெட்டியில் வைக்கும் துணிக்குக் கஞ்சி போடாதிருப்பதே பாதுகாப்பு.

சலவையே தரும் கறைகள்

நன்றாகக் கரையாத நீலம் திட்டாகப் படிவது பழகிய குறை. தூள் நீலம் பெரும்பாலும் அல்ட்ராமரைன் என்னும் கனிம நிறமி. அமிலத்தில் அது நிறமிழக்கும் என்பதால் வினிகர் கலந்த நீரில் ஊறவைத்தால் போகும். சலவை இயந்திரத்தில் துவைத்த துணிகளில் கருஞ்செதில்கள் ஒட்டியிருந்தால், தொட்டியின் பின்புறம் சலவைத்தூள் மிச்சமும் அழுக்கும் பூஞ்சையும் சேர்ந்து படிந்துள்ளன என்று பொருள். சுத்தம் செய்ய வேண்டியது தொட்டியைத்தான். காய்ந்த துணியில் ஒரே நேர்கோட்டில் பழுப்புத் தடம் இருந்தால் கொடிக்கம்பியைப் பார்க்க வேண்டும்.

பழைய சலவை அறிவு

சோப்பு வருமுன் தமிழகத்து வண்ணார்கள் உவர்மண்ணைக் கொண்டு துணிகளை வெளுத்தனர். உவர்மண்ணில் சோடியம் கார்பனேட் போன்ற காரப்பொருள்கள் உண்டு. அவை எண்ணெய்ப் பசையைக் கரைக்கும். உவர்மண் நீரில் நனைத்த துணிகளைப் பெரிய பானையின் மேல் அடுக்கி நீராவியில் வேகவைப்பது வெள்ளாவி வைத்தல். பின் கல்லில் அடித்துத் துவைத்து வெயிலில் விரிப்பார்கள். காரம், வெப்பம், அடிப்பு, ஒளி என்னும் நான்கும் இம்முறையில் அடங்கியுள்ளன. களர்நிலத்தில் தோண்டிய கிணற்றில் துணி வெளுக்கும் பெண்ணைப் புறநானூற்றின் 311ஆம் பாடல் குறிப்பிடுவதால், இந்த அறிவின் பழமை விளங்கும். கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்றுமதி செய்த துணிகளை வெளுத்தோர் குடியிருந்த பகுதியே சென்னையின் வண்ணாரப்பேட்டை.

போகாத கறையையும் அவர்கள் பயன்படுத்தத் தெரிந்திருந்தார்கள். யாருடைய துணி என்பதைக் காட்டும் வண்ணான் குறி, சேங்கொட்டைச் சாற்றால் இடப்பட்டது. சுண்ணாம்பு சேர்ந்ததும் கறுத்து நிலைக்கும் அக்குறி எத்தனை வெள்ளாவியிலும் அழியாது. முந்திரியும் மாவும் சேர்ந்த தாவரக் குடும்பத்தையே சேர்ந்த சேங்கொட்டையின் சாறு தோலைப் புண்ணாக்கும். இரண்டாம் உலகப்போரின்போது இந்தியாவில் இருந்த அமெரிக்கப் படைவீரர்களுக்குத் துணிக்குறி பட்ட இடத்தில் தோலழற்சி வந்தது மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளது.

எச்சரிக்கைகள்

பிளீச்சிங் பவுடர் அல்லது குளோரின் வெளுப்பானோடு வினிகர், எலுமிச்சைச் சாறு, கழிவறை அமிலம் ஆகியவற்றைக் கலந்தால் நச்சான குளோரின் வாயு வெளிவரும். அம்மோனியாவோடு கலந்தாலும் நச்சு வாயு உண்டாகும். ஒரு முறை பலிக்காமல் அடுத்ததற்கு மாறும்போதும், முதலில் இட்டதை முழுதும் அலசிவிட வேண்டும். பட்டிலும் கம்பளியிலும் குளோரின் வெளுப்பான் படக்கூடாது; இழை மஞ்சளாகிச் சிதையும். வண்ணத்துணியில் எதையும் உள்மடிப்பில் சோதித்த பின்பே பயன்படுத்த வேண்டும்.

நீக்க முடியாதவை

வெளுப்பானோ கழிவறை அமிலமோ தெறித்து வண்ணம் போன இடம் கறை அன்று. அங்கே சாயம் இல்லை. அதைத் துவைத்துச் சரிசெய்ய இயலாது. சாயம் ஏற்றித்தான் மறைக்க வேண்டும். பூஞ்சை தின்ற இழையும், இஸ்திரியில் கருகிய இழையும் மீளா. இவற்றைத் தேய்ப்பதால் துணிதான் கிழியும்.

மற்ற கறைகளுக்கு ஒரு பொது வரிசை உண்டு. காரணம் தெரியாவிட்டால் குளிர்ந்த நீரில் தொடங்குவது, அடுத்துச் சலவைத் திரவம், அதன்பின் கறையின் வகைக்கேற்ப எலுமிச்சை, ஆல்கஹால், பெராக்சைடு ஆகியவற்றில் ஒன்று, கடைசியாக வெப்பம். வெப்பத்தைக் கடைசிக்கு வைப்பதற்குக் காரணம், மற்ற பிழைகளைத் திருத்த வாய்ப்புண்டு. வெப்பத்தால் நிலைத்த கறையைத் திருத்துவது அரிது. துவைக்கத் துவைக்க ஒரே கறை மீண்டும் வருமானால், துணியை விட்டுவிட்டு நீரையும் தொட்டியையும் கொடிக்கம்பியையும் ஆராய வேண்டும்.